எந்தப் படி செல்லும்?

திருச்சியிலிருந்து கொள்ளிடத்தின் வடகரையோடு கிழக்கே போனால் திருமழபாடி வரும். அங்கே சிவனுக்குப் பெயர் வைத்தியநாதர். ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013 வாக்கில், அந்தக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டச் சொன்னான். கூடவே இன்னொன்றும் சொன்னான். சுவரை இடிப்பதற்கு முன்னால், அதில் வெட்டியிருக்கும் கல்வெட்டுகளையெல்லாம் ஒரு புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டே ராஜராஜன் இறந்துபோனான். மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், 1026 வாக்கில், அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள்.

நடுவில் பதிமூன்று வருஷம். அந்தக் காலத்தில் ஒருவர் கோயிலுக்கு வந்து, "எங்க பாட்டன் விட்ட தொண்ணூறு ஆட்டுக்கு இன்னும் விளக்கு எரியணுமே, எரியுதா?" என்று கேட்டிருந்தால், கைகாட்ட அந்தப் பழைய சுவர் கிடையாது. புத்தகத்தைத்தான் பிரித்துக் காட்ட வேண்டும். அந்தப் புத்தகத்தில் இருப்பது சரியான படிதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டால் மட்டுமே விளக்கு எரியும்.

இந்தக் கதையை நான் தேடிப் போனது கோயில் வரலாற்றுக்காக அல்ல. மருத்துவமனைகள் சாப்ட்வேர் வாங்குவதைப் பற்றி எழுதத்தான்.

இரண்டு மூன்று மருத்துவமனைகள் கூட்டுச் சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே அறக்கட்டளையின் கீழ் இருக்கலாம். அல்லது ஒன்று பெரிய மருத்துவமனை, மற்றவை அதற்கு நோயாளிகளை அனுப்புகிற சின்ன மருத்துவமனைகள் என்று இருக்கலாம். ஸ்ரீரங்கத்தில் முதலில் பார்த்த நோயாளியைக் காவிரிப் பாலம் தாண்டித் திருச்சிக்கு அனுப்புகிறார்கள். டாக்டர்களும் நர்சுகளும் இங்கே பாதி நாள், அங்கே பாதி நாள் வேலை செய்கிறார்கள். ரத்தம் ஏற்றும்போது பையை எத்தனை பேர் சரிபார்க்க வேண்டும்? கையில் ஊசி குத்திக்கொண்ட நர்ஸ் அடுத்த இரண்டு மணி நேரத்தில் யாரைப் பார்க்க வேண்டும்? மயங்கிக் கிடக்கும் ஆளுக்கு அறுவை சிகிச்சை என்றால் ஒப்புதல் கையெழுத்து யாருடையது? இதெல்லாம் இரண்டு கரையிலும் ஒன்றாக இருந்தால்தான் நல்லது. இந்த விதிகளைத்தான் பாலிசி என்றும் எஸ்.ஓ.பி. என்றும் சொல்கிறார்கள். பெரிய மருத்துவமனை ஒன்றில் இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து, அவ்வப்போது திருத்தி, ஒப்புதல் வாங்கி, ஒவ்வொரு வார்டுக்கும் கொண்டுசேர்க்க ஒரு கணினி அமைப்பைச் சேர்ந்து வாங்கலாம் என்று முடிவாகிறது. டெண்டர் விட வேண்டும். என்ன கேட்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட திருச்சியைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம். இந்த வட்டாரம் ஆயிரம் வருஷமாக விதிகளை எழுதிவைத்தும், தொலைத்தும், மறுபடி எழுதியும் பழகியிருக்கிறது.

முதலில் கொஞ்சம் வடக்கே போய்விட்டு வருவோம். காஞ்சிபுரம் பக்கம், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் திருமுக்கூடல் என்ற ஊர். அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனின் 6ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, 1068 வாக்கில் வெட்டியது. தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனையின் விதிப் புத்தகத்தை முழுசாகப் படிக்க வேண்டுமென்றால் இதைத்தான் படிக்க வேண்டும். மருத்துவமனைக்குப் பெயர் வீரசோழன் ஆதுலர்சாலை. படுக்கைகள் 15. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு. சல்லியம் செய்பவருக்கு, அதாவது அறுவை மருத்துவருக்கு, 30 கலம் நெல். மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்ச ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், நாவிதர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு. நோயாளிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி, இரவு எரியும் விளக்குக்கு எவ்வளவு எண்ணெய் என்பதும் உண்டு. வருஷம் முழுக்கக் கையிருப்பில் இருக்க வேண்டிய சுமார் இருபது மருந்துகளின் பட்டியலும் உண்டு. தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று பெயர் பெயராக.

அசந்துபோகிற ஆவணம். ஆனால் கல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. மருந்துப் பட்டியலில் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் என்ன செய்வது? கல்லை அழித்து எழுத முடியாது. பக்கத்தில் புதிதாக ஒன்றை வெட்டலாம். அப்போது சுவரில் இரண்டு பட்டியல் இருக்கும். படிக்கிறவர் இரண்டையும் தேடிப் பார்த்து ஆட்சியாண்டை ஒப்பிட்டு, எது பிந்தியது என்று கண்டுபிடிக்க வேண்டும். கல் விதியைக் காப்பாற்றும். அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று சொல்லாது.

இது சோழ அதிகாரிகளுக்கும் தெரிந்துதான் இருந்தது. அவர்களுடைய ஆட்சியில் கல் என்பது கடைசிப் படி மட்டும்தான். அரசன் வாயால் சொல்வான். அதைத் திருமந்திர ஓலை எழுதுகிறவர் எழுதுவார். ஓலை நாயகம் ஒப்பிடுவார். பிறகு புரவுவரித் திணைக்களத்தார் கையில் போய், வரிப்பொத்தகத்தில் ஏற வேண்டும். வரியில் ஏறிய பிறகுதான் அது நடைமுறை. ஊருக்கு ஓலை போகும், ஊரார் பெற்றுக்கொள்வார்கள், அப்புறம் கல்லிலோ செம்பிலோ வெட்டுவார்கள். ஆவணம் நகர்ந்த ஒவ்வொரு படியிலும் ஒரு பதவிக்காரரின் பெயர் இருக்கும். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேட்டைப் பார்த்தால், இந்தப் பெயர் வரிசை எவ்வளவு நீளம் போகும் என்று தெரியும். அந்தச் செப்பேடு இன்னொன்றையும் காட்டுகிறது. கொடுத்தது ராஜராஜன். நிலையான சாசனமாக ஆக்கியது மகன். உத்தரவு போட்டவர் போன பிறகும் உத்தரவு நிற்க வேண்டுமென்றால், அது ஆளிடம் இல்லாமல் பதவியிடம் இருக்க வேண்டும்.

இப்போது ஸ்ரீரங்கத்துக்கு வருவோம். அங்கேயும் ஒரு மருத்துவமனை இருந்தது. பெயர் ஆரோக்கியசாலை. கண்ணனூரில், அதாவது இன்றைய சமயபுரம் பக்கம், ஹொய்சளர்கள் உட்கார்ந்து ஆண்ட 13ஆம் நூற்றாண்டில், வீர ராமநாதன் காலத்தில் அது ஏற்பட்டது. கருடவாகன பண்டிதர் என்ற மருத்துவரின் பெயர் அதோடு சேர்ந்தே வருகிறது. 1323இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தைத் தாக்கியது. நம்பெருமாளையே ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. 1371இல் கோபண்ணன் திரும்பக் கொண்டுவந்து எழுந்தருளப் பண்ணினான். ஆரோக்கியசாலை உடனே எழவில்லை. சக ஆண்டு 1415இல், நம் கணக்கில் 1493இல் வெட்டிய கல்வெட்டு ஒன்று அந்தக் கதையைச் சொல்கிறது. சீனிவாசன் என்பவர் இடிந்து கிடந்த ஆரோக்கியசாலையைப் புதுப்பித்து, அதில் தன்வந்திரியையும் பிரதிஷ்டை செய்தார். கோயிலுக்குள் தன்வந்திரிக்கு இன்றும் சன்னதி இருக்கிறது.

அந்தச் சீனிவாசனுக்கு இன்னொரு பெயர் கருடவாகன பட்டர். இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆள் வேறு, பெயர் அதே. கட்டடம் விழுந்து கிடந்தபோதும் "ஆரோக்கியசாலை என்று ஒன்று இருந்தது, அது எங்கள் பொறுப்பு" என்ற நினைப்பைச் சுமந்துகொண்டு வந்தது அந்தப் பெயர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று எந்தத் தர ஆய்வாளர் வந்தாலும் எஸ்.ஓ.பி.யின் முதல் பக்கத்தில் தேடுகிற ஒரு கட்டம் உண்டு: இந்த ஆவணத்துக்குப் பொறுப்பு யார்? அதில் ஒரு டாக்டரின் பெயரைப் போட்டால் அவர் வேறு ஊருக்கு மாறிப் போன அன்றே ஆவணம் அனாதை. பதவியைப் போட்டால் அடுத்து வருகிறவர் எடுத்துக்கொள்வார்.

ஸ்ரீரங்கத்திலேயே இதற்கு எதிர்த் திசையில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. கோயிலொழுகு. கோயிலில் யாருக்கு என்ன வேலை, என்ன மரியாதை, எந்த விழா எப்படி என்று சொல்கிற நூல். ராமானுஜர் அதுவரை ஐந்தாக இருந்த ஊழியப் பிரிவுகளைப் பத்துக் கொத்தாக ஆக்கிய வரலாற்றை அதுதான் சொல்கிறது. ஆனால் அது ஒரே கை எழுதியதில்லை. பல நூற்றாண்டுகளில் பலர் சேர்த்துக்கொண்டே வந்தது. சேர்த்தவர் யார், எப்போது, எதை எடுத்துவிட்டு எதை வைத்தார் என்ற குறிப்பு பெரும்பாலும் கிடையாது. 1961இல் வ.ந. ஹரிராவ் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதிலிருந்து இன்றுவரை அதைப் பயன்படுத்துகிற ஆய்வாளர் ஒவ்வொருவரும், கோயிலின் அறுநூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளோடு அடுக்கடுக்காக ஒப்பிட்டுத்தான் காலத்தைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. வரலாற்றுக்காரருக்கு அது சுவாரசியமான வேலை. ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் நிற்கிற நர்ஸிடம் அந்த வேலையைக் கொடுக்க முடியாது.

இந்த வேறுபாட்டைத் திருக்கோடிக்காவலில் செம்பியன் மாதேவி அழகாகக் கையாண்டிருக்கிறார். கோயிலைக் கற்றளியாக்கியபோது அங்கிருந்த பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டச் சொன்னார். அப்படி வெட்டியவற்றில், இது பழைய கல்லின் படி என்று ஒரு குறிப்பும் போட்டார்கள். அந்தக் குறிப்பு இருப்பதால், எழுத்தின் வடிவம் புதிதாக இருக்கிறதே, விஷயம் பழசாக இருக்கிறதே என்று யாரும் குழம்பத் தேவையில்லை. படி என்றால் படி என்று சொல்லிவிடு, அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் காலத்து அலுவலகமும் இதே சிக்கலுக்குத் தன் வழியில் ஒரு மருந்து கண்டுபிடித்தது. மெட்ராஸ் மாகாணத்தில் ஒவ்வொரு துறைக்கும் கோட், மேனுவல் என்று தடித்தடியாக அச்சுப் புத்தகங்கள். மருத்துவத் துறைக்கு மெடிக்கல் கோட். விதி மாறினால் புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்க மாட்டார்கள். கரெக்‌ஷன் ஸ்லிப் வரும். சின்னக் காகிதம். எந்தப் பக்கத்தில் எந்த வரிக்குப் பதில் எந்த வரி என்று அதில் இருக்கும். அலுவலக கிளார்க் அதைக் கத்தரித்து அந்தந்தப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். எளிமையான, மலிவான ஏற்பாடு. முழுக்க அந்த கிளார்க்கின் கையில் இருக்கிற கோந்தை நம்பியது. ஒட்டிய புத்தகமும் ஒட்டாத புத்தகமும் வெளியே பார்க்க ஒன்றுபோலவேதான் இருக்கும்.

இன்று கோந்துக்குப் பதில் வாட்ஸப். "சார், புது ப்ரோட்டோகால் குரூப்ல போட்டிருக்கேன்." பி.டி.எஃப். வருகிறது. கீழே இருபது பேர் கைகூப்புகிறார்கள். மூன்று நாள் கழித்து இன்னொரு பி.டி.எஃப். வருகிறது, பெயரில் 'ஃபைனல்' என்று இருக்கிறது. அதற்கடுத்த வாரம் 'ஃபைனல் 2'. சுவரில் ஒட்டியிருப்பதோ எப்போதோ அச்செடுத்தது.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. இதயம் நின்றவருக்குச் செய்கிற முதலுதவியின் வரிசை 2010இல் மாறியது. அதுவரை மூச்சுப் பாதை, மூச்சு, அப்புறம் நெஞ்சை அழுத்துவது என்றிருந்ததை, முதலில் நெஞ்சை அழுத்து என்று மாற்றினார்கள். பழைய படம் சுவரில் இருந்தால் அந்த முதல் நிமிடத்தில் கை வேறு இடத்துக்குப் போகும். 2021 மே 17ஆம் தேதி, கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், தேசிய சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மாவை எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தின வாரங்களில் பிளாஸ்மா கொடுப்பவர்களைத் தேடி ஊரே போன் நம்பர்களைப் பகிர்ந்துகொண்டிருந்தது நினைவிருக்கும். மே 18ஆம் தேதி காலையில் பழைய தாளை வைத்திருக்கும் ஒரு மருத்துவமனையையும் புதுத் தாளை வைத்திருக்கும் இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். முதல் மருத்துவமனையின் வாசலில் ஒரு குடும்பம் தேவையில்லாத ஒன்றுக்காக ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, சேர்ந்து வாங்குவதில் தமிழ்நாட்டுக்கு நல்ல அனுபவம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்கினார்கள். தொழில்நுட்பத் தகுதிக்கு ஓர் உறை, விலைக்கு இன்னோர் உறை. வந்த மருந்தைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மாவட்டக் கிடங்குகளில் அடுக்கினார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பேங்க் மாதிரி ஒரு பாஸ்புக். அதில் ஆண்டு ஒதுக்கீடு இருக்கும், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் ஊரிலும் இதேபோல் கழகங்களைத் தொடங்கின.

ஆனால் மாத்திரைக்கு இருக்கிற ஒரு வசதி விதிக்குக் கிடையாது. மாத்திரையில் காலாவதித் தேதி அச்சடித்திருக்கும். தீர்ந்துபோனால் டப்பா காலி என்று கண்ணுக்குத் தெரியும். கெட்டுப்போன விதி பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். மாத்திரையைக் கிடங்கிலிருந்து வாங்கி விழுங்கினால் போதும், எழும்பூரிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒரே மாத்திரைதான். விதியை அந்தந்த இடம் தன்னுடையதாக்கிக்கொள்ள வேண்டும். ரத்த வங்கி உள்ள மருத்துவமனைக்கும் இல்லாத மருத்துவமனைக்கும் ரத்தம் பற்றிய விதி எப்படி வரிக்கு வரி ஒன்றாக இருக்கும்? ஸ்ரீரங்கத்தில் பாஞ்சராத்திரம், திருமலையில் வைகானசம். பெருமாள் ஒருவர்தான், பூஜை முறை இரண்டு. அதைப் போட்டு ஒன்றாக்க வேண்டியதில்லை. எது எல்லோருக்கும் பொது, எது அந்த இடத்து வழக்கம் என்று கோடு போட்டுப் பிரித்துவைத்தால் போதும்.

இனி டெண்டர். தமிழ்நாட்டில் அரசு அமைப்புகள் வாங்குவதை ஆள்வது 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம். முன்கூட்டியே அறிவித்த அளவுகோல்களை வைத்து மதிப்பிட்டு, அதில் குறைந்த விலைக்காரரை எடு என்பது அதன் சாரம். தனியார் அறக்கட்டளைகள் அதற்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஆனாலும் பெரும்பாலும் அதே மனநிலையில்தான் வாங்குகிறார்கள். இதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஒரு கண்ணியும் இருக்கிறது. தாளில் எழுதிக் கேட்காத எதுவும் கிடைக்காது. நல்ல கம்பெனி தானாகச் செய்து தரும் என்று நம்பினால், அதைச் செய்யாத கம்பெனிதான் விலையில் ஜெயிக்கும்.

அப்படியென்றால் தாளில் என்ன எழுதலாம்? ஒன்று, திருத்தம் வந்தவுடன் பழைய படி எல்லா வார்டிலும் தானாக மறைய வேண்டும். ஆனால் அழிந்துவிடக் கூடாது. அன்றைக்கு எந்த விதி நடப்பில் இருந்தது என்று ஐந்து வருஷம் கழித்து ஒரு நீதிமன்றம் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். இரண்டு, அச்செடுத்தால் தாளிலேயே 'படி' என்று விழ வேண்டும், எந்தத் தேதி வரை செல்லும் என்பதோடு. திருக்கோடிக்காவலில் செய்ததுதான். மூன்று, ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு பதவி பொறுப்பு. அந்தப் பதவி காலியானால் அடுத்து யார் என்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளாமல் அமைப்பு விடக் கூடாது. நான்கு, பொது விதி ஒரு பக்கம், அந்தந்த மருத்துவமனையின் வழக்கம் இன்னொரு பக்கம். பொது விதி மாறினால், அதை ஒட்டிய உள்ளூர் வழக்கத்தைப் பார்க்கச் சொல்லித் தகவல் போக வேண்டும். ஐந்து, தமிழில் தேட முடிய வேண்டும். "ஊசி குத்திடுச்சு" என்று அடித்தால் விதி வர வேண்டும். அந்த நேரத்தில் அதன் ஆங்கிலத் தலைப்பு யாருக்கும் நினைவுக்கு வராது. ஆறு, நெட் இல்லாதபோதும் முக்கியமான இருபது முப்பது விதிகள் திறக்க வேண்டும்.

ஏழாவது திருமழபாடி. இந்த அமைப்பை ஒருநாள் இடிக்க வேண்டிவரும். கம்பெனி மூடிப்போகலாம், விலை ஏறலாம், கூட்டு மருத்துவமனைகளில் ஒன்று பிரிந்துபோகலாம். அன்று எல்லா விதிகளையும், அவற்றின் பழைய படிகளையும், யார் எப்போது ஒப்பிட்டார் என்ற வரிசையையும், வேறு எந்த அமைப்பும் படிக்கக்கூடிய வடிவில் எடுத்துக்கொண்டு வெளியேற முடிய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது என்று முதல் நாளே எழுதி வாங்க வேண்டும். சுவரை இடிப்பதற்கு முன்னால் படியெடு என்று ராஜராஜன் சொன்னது இதைத்தான். இடித்த பிறகு சொல்லிப் பயனில்லை.

இவ்வளவையும் கேட்டு வாங்கினாலும் ஒன்றைக் காசு கொடுத்து வாங்க முடியாது. இரண்டு மருத்துவமனைகளின் டாக்டர்கள் ஒரு விதியில் ஒத்துப்போகாதபோது கடைசிச் சொல் யாருடையது என்பதுதான் அது. சோழர் காலத்து ஓலையில் அந்தப் பதவிக்குப் பெயர் இருந்தது. கூட்டு மருத்துவமனைகள் பலவற்றில் அந்த நாற்காலி காலியாகவே இருக்கும். அதைச் சாப்ட்வேர் நிரப்பிவிடும் என்று நினைத்துத்தான் டெண்டரே விடுகிறார்கள். சாப்ட்வேர் நிரப்பாது. 'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்று மட்டும் திரையில் காட்டிக்கொண்டே இருக்கும், மாதக்கணக்கில். அவ்வளவு நாளும் வார்டில் பழைய விதிதான் ஓடும்.

அதனால் டெண்டர் தாளை எழுத உட்காருகிறவர்கள் முதலில் அந்த நாற்காலியில் யார் என்பதை எழுதிக்கொள்வது நல்லது. ஒரு பக்கம் போதும். எல்லா மருத்துவமனைகளும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பக்கம் தயாரானால் மற்றதைச் சுமாரான சாப்ட்வேரை வைத்துக்கூட ஓட்டிவிடலாம். எதுவுமே இல்லாவிட்டால் ஒரு நல்ல கிளார்க்கும் கொஞ்சம் கோந்தும் போதும்.